உம்தாவின் தாகம்

அயின் சித்ராவில் அரசாங்கத்தின் குரல் கேட்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு மணிச் செய்தி தொடங்கிய நேரத்தில். கெமாயிஸின் காப்பிக்கடையில் அப்போது நல்ல கூட்டம். செய்தி வாசிக்கும் பெண் திரையில் தோன்றினாள், வாயைத் திறந்தாள், மூடினாள், சத்தம் வரவில்லை. கெமாயிஸ் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டிப் போய்ப் பெட்டியின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினான். "கேபிள் காசு கட்டினியா, இல்ல அதையும் சீட்டுல விட்டுட்டியா?" என்று ஒருவர் கேட்டார். "கட்டியாச்சு மாமா. அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கும், விடுங்க," என்றான் அவன். செய்தி முடிந்து பந்தாட்டம் தொடங்கியதும் சத்தம் பழையபடி வந்தது. நடுவில் வந்த சோப்பு விளம்பரமும் தெளிவாகக் கேட்டது. மறுநாள் செய்தி நேரத்தில் மறுபடியும் மௌனம். அந்த வாரம் ரேடியோ பழுது பார்ப்பவர் ஊரிலிருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, கோளாறு பெட்டியில் இல்லை என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

காரணம் என்னவென்று ஊருக்குப் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. அயின் சித்ரா பாஸ்பேட் சுரங்கத்து ஊர். அந்த மண்ணின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் பழுப்பாகத்தான் இருக்கும். ஆண்கள் சிரிக்கும்போது உதட்டை மூடிக்கொள்வார்கள். மணப்பெண்கள் முக்காட்டின் நுனியை வாய்க்குக் குறுக்கே இழுத்துக்கொள்வார்கள். குழாய் வந்த வருடம் ஜனாதிபதியே அந்த ஊருக்கு வந்தார். மேடையில் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீரை எடுத்துக் கேமராக்களுக்குக் காட்டி, "என் மக்கள் குடிப்பதையே நானும் குடிக்கிறேன்," என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்து முடித்தார். இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பல் முத்துப்போல இருக்கும் என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். பிறந்தது முதல் வாயை மூடியே சிரித்துப் பழகிய அந்த ஊர் அன்று ஒருநாள் வாயைத் திறந்து சிரித்தது. பிறகு வருடக்கணக்கில் விசுவாசமாகக் குழாய்த் தண்ணீரையே குடித்தது. பிள்ளைகளுக்குப் பழுப்புப் பல்லே முளைத்தபோது, தாங்கள்தான் சரியாகத் தேய்த்துவிடவில்லை என்று தாய்மார்கள் தங்களையே நொந்துகொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகலில்தான் பழைய வீடியோப் படம் ஒன்று கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி அயின் சித்ராவுக்கு வந்து சேர்ந்தது. மேடைக்குப் பின்னால், திரைச்சீலை மறைவில், அன்று யாரோ எடுத்தது. பனிமலைப் படம் ஒட்டிய வெளிநாட்டுப் புட்டியைத் திறந்து ஓர் உதவியாளர் அந்தக் கண்ணாடிக் குவளையை நிரப்புகிறார். ஜனாதிபதி குனிந்து மோந்து பார்க்கிறார். "இது நம்ம புட்டிதானே? நல்லாப் பாத்தியா?" என்கிறார். பிறகு திரையை விலக்கிக் கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "இவங்க பல்லப் பாத்தியா? பேரீச்சங்கொட்டைய வரிசையா நட்டு வெச்ச மாதிரி." ஊர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. யாரும் திட்டவில்லை. பூட்டிய கடைபோல எல்லா வாயும் மூடிக்கொண்டது. சாயங்காலம் காது மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அயின் சித்ராவில் சில பழக்கங்கள் மாறின. யாரும் இன்னொருவர் முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தால் எழுந்து சுவர் பக்கம் திரும்பிக் குடித்துவிட்டு வந்து உட்கார்வார்கள். எதிரே பார்த்துக் குடிப்பது ஏமாற்றுக்காரன் வேலை என்றாகிவிட்டது. குழாய்கள் துருப்பிடித்தன. பெண்கள் ஊர்க்கோடியில் இலந்தை மரத்தடியில் சுரக்கும் பழைய ஊற்றுக்கு மண்ஜாடிகளோடு நடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கணக்குச் சொன்னால் கேட்டது, குடிமைப் பாடம் எடுத்தால் சுண்ணக்கட்டி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் "எங்க வலிக்குது?" என்றால் கேட்டது, சுகாதார இலாகாவின் அறிவிப்பைச் சொன்னால் வாய் மட்டும் அசைந்தது. வரி வசூலிக்க வந்தவர் அரை நாள் வாயசைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு விஷயத்தில் ஊருக்கு வருத்தமில்லை.

இதில் அதிகம் கஷ்டப்பட்டவர் உம்தா திஜானி. உம்தா என்பது அரசாங்கம் என்னும் ஏணியின் கடைசிப் படி; மேலே இருப்பவர்கள் சொல்வதைப் பேட்டைக்குச் சொல்லவும், பேட்டை சொல்வதை மேலே சொல்லவும் உள்ள ஆள். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லாதவர், ஐவேளை தொழுகை தவறாதவர். பனிக்காலத்தில் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் முடியாதவர்கள் வீட்டு வாசலில் விறகை வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுவார். அவர் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லாருக்கும் கேட்டது. "மேலிடத்துலேர்ந்து" என்று தொடங்கினாலோ, கிணற்றில் விழுந்த கல்லுக்குப் பிறகு வரும் அமைதிதான். அவருக்கு மட்டும் மேலிடத்தின் குரல் கேட்டது. "சம்பளம் வாங்குற காது வேற மாதிரி," என்றான் கெமாயிஸ். திஜானியும் சிரித்தார், உதட்டை மூடிக்கொண்டு.

வருடங்கள் போயின. அந்த ஜனாதிபதி விமானமேறி நாட்டைவிட்டு ஓடிவிட்டார் என்பதை ஊர் படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. இன்னொருவர் வந்தார், அவரும் போனார், மூன்றாவது ஆள் வந்தார். மூன்றாமவர் நல்லவர் என்று தலைநகரில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையா என்று கேட்டறிய அயின் சித்ராவுக்கு வழியில்லை. அவர் வாயும் மற்றவர்கள் வாயைப் போலவே அசைந்தது. அவர் காலத்தில்தான் குழாய்த் தண்ணீருக்கு உண்மையிலேயே வடிகட்டும் நிலையம் கட்டினார்கள். உம்தாவின் அலுவலகத்துப் பின்புறக் குழாயில் பனித்துளி போன்ற தண்ணீர் வந்தது. ஊரில் அதைக் குடித்தவர் திஜானியும் அவர் கழுதையும்தான்.

அடுத்த வருடம் கோடையில் ஒரு பொறியாளர் வந்து ஊற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் போனார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. மேட்டில் புதிதாகக் கட்டிய குடியிருப்பின் கழிவுக்குழி உடைந்து ஊற்றின் கண்ணில் கலந்திருக்கிறது, ஒரு வாய்கூடக் குடிக்கக்கூடாது, டைபாய்டு வரும் என்றார். குழியைச் சரிசெய்து ஊற்று தெளிய ஒரு வருடமாவது ஆகும். "ஊர்ல சொல்லிருங்க," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். திஜானி அங்கேயே வெயிலில் நின்றார். ஊற்றைச் சுற்றிய பேட்டையில்தான் அவருடைய தங்கை ஹத்தா இருந்தாள். விதவை, தாய் இறந்த பிறகு அவர் தோளில் தூக்கி வளர்த்தவள்.

அன்றே போனார். ஹத்தா முற்றத்தில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "ஹத்தா, உம்தாவா வரல. அண்ணனாச் சொல்றேன்," என்றார். அது கேட்டது. அதன் பிறகு அவர் வாய் அசைந்தது, கை ஊற்றுப் பக்கம் நீண்டது, கண் கலங்கியது, சத்தம் இல்லை. அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "மறுபடியும் ஆபீஸ் பேச்சு பேசறியா? அண்ணனாச் சொல்றேன்னு சொல்லிட்டு அதையா பேசுவே? உக்காரு. ரொட்டி சுட்டுத் தரேன், திங்கிறதுக்காவது வாயத் தொற." பேட்டையின் ஒவ்வொரு வாசலிலும் அவர் நின்று சொன்னார். அந்தந்த வீட்டுக்காரிகள் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, வாய் நின்றதும் நலம் விசாரித்தார்கள். ஊற்றடியில் எச்சரிக்கைப் பலகை நட்டார். வெறும் வெள்ளைப் பலகையாகத்தான் அது தெரிந்தது, ஆடுகள் முதுகு உரசின. ஊற்றின்மேல் இரும்பு மூடி போட்டுப் பூட்டினார். "குழாய்த் தண்ணிய விக்கப் பாக்குறானுங்க," என்று மறுநாளே பூட்டை உடைத்தார்கள். வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வெறும் திஜானியாக வந்தும் சொல்லிப் பார்த்தார். சொல்லில் அரசாங்கத்தின் வாடை போகவில்லை போலும். கேட்கவில்லை.

அப்போதுதான் அவர் அந்தத் தவறைச் செய்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் நிரப்பிக்கொண்டு நடுவில் வந்து நின்று, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டி, ஒரே மூச்சில் குடித்தார். வாய்ச்சொல் கேட்காதவர்கள் கண்ணால் பார்த்தாவது நம்புவார்கள் என்று நினைத்தார். செருப்பைக் கையில் எடுத்தவர்கள் கையோடு வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு சுடுமண்ணில் இறங்கிப் போனார்கள். ரொட்டிக்கடை அமாரி மட்டும் நின்று, "இவனும் பழகிட்டானே, யா ரப்பி," என்று சொல்லிவிட்டுத் துப்பினார். அன்று சாயங்காலம் காப்பிக்கடையில் திஜானி உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. கெமாயிஸ் தேநீரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "ஏன் மாமா? ஊருல வேற ஆளே இல்லாம அந்த மனுசன மாதிரியா நடிச்சுக் காட்டணும்?"

கோடை முடிவதற்குள் அமாரியின் மகள் உல்ஃபா காய்ச்சலில் படுத்தாள். பாட்டுப் பாடிக்கொண்டே கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற பெண். ஒரு புதன்கிழமை அடக்கம் செய்தார்கள். அன்று ரொட்டி எரிந்த வாசனை ஊர் முழுக்க இருந்தது. அமாரி அடுப்பை அணைக்க மறந்திருந்தார். கபரடியில் திஜானி அவரைத் தாங்கிப் பிடித்தார், அமாரியும் தோளைக் கொடுத்தார். மரணத்தில் யாரும் பகை பார்ப்பதில்லை. ஆனால் திரும்புகிற வழியில் பெண்கள் ஊற்றடியில் நின்று முகம் கழுவி, சுவர் இல்லாததால் இலந்தை மரத்தைப் பார்த்துத் திரும்பி, கை நிறையக் குடித்தார்கள். ஹத்தாவும் குடித்தாள். திஜானி அன்று இஷா தொழுகைக்குப் பிறகு வெகுநேரம் விரிப்பிலிருந்து எழவில்லை.

ஊற்றுப் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. ஜாடியின் கடைசிக் குவளையை யார் குடிக்கிறாரோ அவர்தான் ஜாடியைத் தூக்கிப் போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். விருந்தாளியானாலும் சரி, மாப்பிள்ளையானாலும் சரி. அதைத் தடுத்தால் வந்தவரை அவமதித்ததாகும். இன்னொன்றும் உண்டு: தண்ணீரைக் கொட்டுவது பாவம். மழை காணாத அந்த ஊரில் ஜாடியைக் கவிழ்த்த குழந்தைகூட அடி வாங்கும். ஆக, ஒரு வீட்டின் ஜாடியை எடுத்துப் போக ஒரே வழி அதைக் குடித்துத் தீர்ப்பது. மறுநாள் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு திஜானி தங்கை வீட்டுக்குப் போனார். "தாகமா இருக்கு ஹத்தா," என்றார். அது அரசாங்கத்தின் பேச்சில்லை; கேட்டது. அவள் குவளையை நீட்டினாள். அவர் சுவர் பக்கம் திரும்பவில்லை. அவளைப் பார்த்தபடியே குடித்தார், இன்னொன்று கேட்டார், ஜாடியில் இருந்தது தீரும்வரை குடித்தார். "திரும்பிக் குடியேன், வெக்கங்கெட்டவனே," என்றாள் அவள். "உங்கிட்ட எனக்கென்ன மறைப்பு?" என்றார். ஜாடியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஊற்றுக்குப் போகும் சந்தில் இறங்கி, பின்பக்கமாகச் சுற்றி, பழைய அலுவலகத்துக் குழாயில் நிரப்பிக்கொண்டு வந்தார்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் திஜானி தாகத்தோடு திரிந்தார். ஹத்தா வீட்டில் தொடங்கி, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஜாடிகள் சாயங்காலத்தில் அடி தட்டும் என்பதால் அஸர் தொழுகைக்குப் பிறகு கிளம்புவார். கழுதையின் இருபுறமும் ஜாடிகள் தொங்கும். பேட்டையில் சிரித்தார்கள். "மாமாவுக்குச் சக்கர வியாதி, இத்தனை தண்ணி குடிக்கிறாரு." "இல்லடி, வேலைய விட்ட மனுசன், பொழுது போகல." "ஒட்டகத்துக்குப் பொறந்திருப்பாரு." நிரம்பிய ஜாடி வீட்டில் இருக்கும்வரை பெண்களும் ஊற்றுக்கு நடக்கவில்லை. அவர் ஒரு முறை போய்வந்த வீட்டில் நல்ல தண்ணீரே இருந்ததால் அடுத்த முறை குடிப்பது அவருக்குத் தீங்கில்லை. ஆனால் ஒவ்வொரு புது வீட்டிலும் முதல் ஜாடி ஊற்று ஜாடிதான். அதை அவர் இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லிக் குடித்தார். "ஊத்து இந்த வருஷம் தனியா இனிக்குது," என்றாள் ஹத்தா. யாராவது "எங்க ரொப்பினீங்க?" என்று கேட்டால் அவர் உள்ளதையே சொன்னார். வாய் அசைந்தது.

அவரை வருத்திய ஒன்று இருந்தது. ஜாடியில் ஊற்றுத் தண்ணீர் என்று நினைத்து அவர்கள் வேறு தண்ணீரைக் குடிக்கிறார்கள். அந்தப் பழைய ஜனாதிபதியும் குவளையில் ஒன்று என்று காட்டி வேறொன்றைத்தானே குடித்தார்? ஒரு நாள் அவர் இதைப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டார். கேள்வியின் பாதி இமாமுக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதியை வைத்து அவர் சொன்னார்: "திஜானி, அந்த மனுசன் நல்லதத் தனக்கு எடுத்துக்கிட்டு கெட்டத மத்தவங்களுக்குக் குடுத்தாரு. நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாது. நீ எதை எடுத்துக்கறே, எதைக் குடுக்கறேன்னு மட்டும் பாரு. மீதிய அல்லா பாத்துக்குவான்." திஜானி இமாமின் கையை முத்தமிட்டுவிட்டுக் கழுதையை அவிழ்த்தார்.

பேட்டையின் கடைசி வீடு அமாரியுடையது. மகள் போன பிறகு அங்கே யாரும் விருந்தாளியாகப் போவதில்லை. துக்க வீட்டுத் தண்ணீரைக் கேட்டுக் குடிக்கக் கூசியோ என்னவோ, திஜானி அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். போனபோது அமாரியின் மனைவி கர்ப்பமாக இருந்தாள். பெரிய ஜாடி. அவர் பாதியில் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்தார். "போதும் மாமா, நெஞ்சடைக்கப் போவுது," என்றாள் அவள். "இன்னும் கொஞ்சந்தாம்மா இருக்கு," என்றார். குடித்து முடித்து, நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். சில நாளில் காய்ச்சல் கண்டது. ஹத்தா அவரைத் தன் வீட்டுக்குத் தூக்கிவரச் செய்து, நனைத்த துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாள். அவருக்குப் பதில் ஜாடிகளை யார் நிரப்புவது என்பதுதான் அவர் கவலை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது, உதடு வெடித்தது, அவள் வெண்ணெய் தடவினாள். "என்ன சொல்றேன்னு தெரியலயே அண்ணே," என்று அழுதாள். "வேற ஏதாச்சும் பேசேன். நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எதையாவது சொல்லு." அவர் பழங்கதை எதுவும் சொல்லவில்லை. நேரம் குறைவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரை அடக்கம் செய்த நாள் மாலையில், ஊர் கபரடியிலிருந்து திரும்பி முற்றங்களில் உட்கார்ந்திருந்த நேரத்தில், குரல் வந்தது. முதலில் ஹத்தாவின் முற்றத்தில். சல்லடை சாத்தியிருந்த சுவரோரமாக, அவர் அன்று நின்ற இடத்திலிருந்து, அவருடைய குரல் கொஞ்சம் கரகரப்போடு சொன்னது: "அந்த ஊத்துத் தண்ணி வேண்டாம்மா. மேட்டுலேர்ந்து கழிவு கலந்திருக்கு. காய்ச்சல் வரும். குழாய்த் தண்ணி இப்ப நல்லாருக்கு, நானே குடிக்கிறேன், உனக்கும் நானே கொண்டாந்து ஊத்தறேன்." பிறகு அடுத்த வாசலில், அதற்கடுத்த வாசலில், கோடையில் அவர் சொன்ன வரிசையிலேயே. பள்ளிவாசல் முற்றத்தில் காலிக் குவளையைக் கீழே வைக்கும் சத்தமும், "பாருங்க, நல்ல தண்ணிதான்," என்ற சொல்லும் கேட்டன. அமாரியின் வாசலில் குரல் வந்தபோது, மகள் உயிரோடிருந்த நாளில் சொன்னது அது என்பது அவருக்குப் புரிந்தது. "உல்ஃபாகிட்டயும் சொல்லிரு அமாரி, அவதான் ஓடி ஓடிக் குடிப்பா," என்றது குரல். அமாரி மாவுக் கையோடு வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நடந்தார். வழியில் பார்த்தவர்கள் அவரவர் வீட்டிலிருந்து கல் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். இருட்டுவதற்குள் ஊற்றை மூடினார்கள்.

அமாரிக்கு அந்த வசந்தத்தில் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு முளைத்த பல்லைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள், வெள்ளையாகத்தான் இருக்கிறது. அயின் சித்ரா இப்போது குழாய்த் தண்ணீர் குடிக்கிறது. அதற்காக அரசாங்கத்தை நம்புகிறது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எட்டு மணிச் செய்தி இன்றும் ஊமைப்படம்தான். தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் வருகின்றன, சரளைக் கல்லில் சக்கரம் நெரியும் சத்தம் மட்டும் கேட்கிறது, கோழிகள் விலகிக்கொள்கின்றன. புதிய உம்தா சின்னப் பையன், படித்தவன். வந்த புதிதில் கத்திப் பார்த்தான். இப்போது பேசுவதை விட்டுவிட்டு, மருந்து அடிக்க வேண்டும் என்றால் முதலில் தன் வீட்டுச் சாக்கடைக்கு அடிக்கிறான். சிலர் பார்க்கிறார்கள், சிலர் பார்ப்பதில்லை. அது எப்போது சரியாகும் என்று கேட்டால், ஊரில் தோளைக் குலுக்குவார்கள்.

திஜானியின் குரல் மட்டும் நின்றபாடில்லை. லுஹர் முடிந்த வேளைகளில் ஏதாவது ஒரு முற்றத்தில் கேட்கிறது. வெளியூர் மருமகள்கள் முதல் நாள் பயப்படுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். ஹத்தாவின் முற்றத்தில் அநேகமாகத் தினமும் உண்டு. அவள் மாவு பிசையும் கையை நிறுத்துவதில்லை. "கேட்டுச்சு அண்ணே, கேட்டுச்சு," என்று சொல்லிவிட்டு, ரொட்டி தட்டத் தொடங்குகிறாள்.